கன்னட அப்பா, தமிழ் அம்மா, பெங்களூர்: குட்டிப் பிள்ளைகளோடு வெளியே போகும்போது இரண்டு மொழியையும் பேச வைப்பது எப்படி

எங்கள் வீட்டில் நான் வேலூர்க்காரி, கணவர் மைசூர்க்காரர். மகள் யுகேஜி படிக்கிறாள், மகனுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. இதே மாதிரிக் குடும்பங்கள் பெங்களூரில் நிறைய இருக்கின்றன, எல்லோருக்கும் ஒரே கவலைதான்: பிள்ளை தமிழும் பேச வேண்டும், கன்னடமும் பேச வேண்டும், ஆனால் நாலு வயது ஆவதற்குள் வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான் வருகிறது. இதில் பல பேர் தமிழையும் கன்னடத்தையும் எதிரெதிராக நிறுத்தி, ஒன்று ஜெயித்தால் இன்னொன்று தோற்றுவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த வரையில் அப்படி நடப்பதே இல்லை. அபார்ட்மெண்ட் விளையாட்டு மைதானம், ப்ளே ஸ்கூல், யூடியூப், அப்புறம் அப்பா அம்மா தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆங்கிலம், இவை சேர்ந்து இரண்டு மொழியையும் ஒன்றாகவே விழுங்குகின்றன. அதனால் இரண்டு மொழிக்கும் வீட்டுக்கு வெளியே வேலை கொடுக்க வேண்டும். தமிழில் பேசினால்தான் ஒரு காரியம் நடக்கும், கன்னடத்தில் கேட்டால்தான் ஒரு பொருள் கிடைக்கும் என்ற இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இங்கே நான் சொல்லப் போவது முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் வீட்டில் யார் எதில் பேசுவது

அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி என்று பிரித்துக்கொள்ளும் வழக்கம் பழையது. ரோன்ஜா என்ற பிரெஞ்சு மொழியியலாளர் தன் மகனைப் பிரெஞ்சும் ஜெர்மனும் பேசுகிறவனாக இப்படித்தான் வளர்த்து, 1913இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். நல்ல வழிதான், ஆனால் இது மட்டும் போதாது. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் ஏறக்குறைய 1,900 குடும்பங்களைக் கேட்டு ஆன்னிக் டி ஹவர் என்ற ஆராய்ச்சியாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரில் ஒருவராவது வேறு மொழி பேசிய வீடுகளில் சுமார் நாலில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசவே இல்லை, ஊர் மொழியை மட்டும் பேசினார்கள். பெற்றோர் இரண்டு பேரும் அந்த மொழியைப் பேசிய வீடுகளில்தான் அது நன்றாகத் தங்கியது.

கர்நாடகத்தில் ஊர் மொழி கன்னடம். பள்ளிகளில் கன்னடம் கட்டாயம் என்று 2015இல் சட்டமே வந்திருப்பதால் எழுத்துப் பக்கம் எப்படியும் ஒரு பிடிமானம் கிடைத்துவிடும். தமிழுக்குப் பள்ளியின் கை கிடையாது. ஆகவே கன்னடக்கார அப்பாவுக்கு அரைகுறைத் தமிழ் தெரிந்தால்கூடப் போதும், அவர் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அரைகுறைத் தமிழிலேயே பேசட்டும். "இன்னும் சாதம் வேணுமா, போதுமா?" என்று அப்பா கேட்கும்போது பிள்ளைக்கு இது அம்மாவுக்கு மட்டுமே சொந்தமான ரகசிய மொழி இல்லை என்று புரியும். அம்மாவும் கன்னடம் கற்றுக்கொண்டே ஆக வேண்டும், அதில் பேரமே கிடையாது. கணவன் மனைவி தங்களுக்குள் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, அவரவர் மொழியில் பேசி அவரவர் புரிந்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உறவுப் பெயர்களையும் அப்படியே பிரித்து வைத்துவிடுங்கள். அப்பாவைப் பெற்றவர் அஜ்ஜி, அம்மாவைப் பெற்றவர் பாட்டி. அஜ்ஜியைப் பார்த்ததும் கன்னடம், பாட்டியைப் பார்த்ததும் தமிழ் என்று ஒன்றரை வயதிலேயே பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

தெருவில் தமிழ் பேசலாமா

இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். காவிரிப் பிரச்சினை சூடாக இருந்த காலங்களை ஞாபகம் வைத்திருக்கிற பெரியவர்கள் இன்றும் பஸ்ஸில் பிள்ளை தமிழில் சத்தமாகப் பேசினால் "மெதுவா பேசு" என்று தட்டுகிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைக்கு அது வேறு மாதிரி போய்ச் சேரும், தமிழ் ஏதோ ஒளித்துப் பேச வேண்டிய விஷயம் என்று ஆகிவிடும். இதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதி: வெளியாட்களிடம் முதல் பேச்சு கன்னடத்தில், பிள்ளையோடு பேசுவது தமிழில். ஆட்டோவில் ஏறும்போது "நமஸ்கார அண்ணா" என்று சொல்லிவிட்டு, இடத்தைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, அப்புறம் மகளிடம் தமிழில் கதை பேசிக்கொண்டு வந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பல நேரம் ஓட்டுகிற அண்ணாவே திரும்பித் தமிழில் பேச்சுக் கொடுப்பார். மரியாதையை ஊர் மொழியில் முதலில் கொடுத்துவிட்டால் நம் மொழியைக் கூச்சமில்லாமல் பேசலாம், பிள்ளைகளும் அதைத்தான் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி

வெளியே போனதும் ஏன் ஆங்கிலம் வந்து விழுகிறது தெரியுமா? நமக்கே வார்த்தை தெரியாததால்தான். கஸ்தூர்பா சாலையில் இருக்கிற விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துக்கு (1962இல் நேரு திறந்து வைத்தது) போனால் பிள்ளை இழுத்துப் பார்க்க, சுற்றிப் பார்க்க என்று ஏராளமாக இருக்கிறது, நமக்கோ "லீவர்", "புல்லி", "மேக்னட்" என்றுதான் வாயில் வரும். முந்தின ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்து ஆறேழு வார்த்தைகளை மட்டும் தேடி வைத்துக்கொள்ளுங்கள்: நெம்புகோல், கப்பி, காந்தம், நீராவி, பல்சக்கரம். அப்பா அவர் பங்குக்குக் கன்னட வார்த்தைகளைத் தேடட்டும். அறிவியல் பாடம் நடத்தத் தேவையில்லை, "அந்தக் கப்பியை இழு, வாளி மேலே வருதா பாரு" என்று ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தால் போதும்.

பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குப் போகும்போது இது இன்னும் சுலபம், மிருகப் பெயர்கள் இரண்டு பக்கமும் நமக்குத் தெரியும். சஃபாரி வண்டியில் அப்பாவுக்குப் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்துவிடுங்கள், டிரைவர் சொல்வது பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும், அது அப்பாவின் நேரம். இறங்கி வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் நடக்கும்போது அம்மாவின் நேரம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மறந்து போய்விடாதீர்கள். மைசூர் மிருகக்காட்சி சாலைக்கும் அதே செவ்வாய்தான்.

தமிழுக்கு வேலை இருக்கிற இடங்கள்

பெங்களூரில் தமிழ் கேட்க வேண்டுமென்றால் கன்டோன்மென்ட் பக்கம் போக வேண்டும். 1809இல் ஆங்கிலேயர் பட்டாளம் வந்து இறங்கியதிலிருந்து தமிழர்கள் குடியேறிய பகுதி அது: அல்சூர், சிவாஜிநகர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன். காய் வாங்க, பூ வாங்க மாதத்தில் சில நாள் அங்கே போங்கள். மகள் கையில் இருபது ரூபாய் கொடுத்து "அக்கா, ஒரு முழம் மல்லி குடுங்க" என்று அவளே கேட்டு வாங்கட்டும். பூக்காரம்மா "யாரு கண்ணு நீ, எந்த ஸ்கூலு?" என்று கேட்பார்கள் பாருங்கள், நாம் வீட்டில் ஒரு வாரம் கெஞ்சினாலும் வராத தமிழ் அந்த இரண்டு நிமிடத்தில் வரும். பின்னால் நின்றுகொண்டு நீங்கள் பதில் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவளாகத் தேடட்டும், தடுமாறினாலும் பூக்காரம்மாவுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அல்சூர் ஏரிக் கரையில் வள்ளுவர் சிலை இருக்கிறது. 18 வருடம் துணி போர்த்தி மூடியே இருந்து, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அதே வாரத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரண்டு மொழி வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இரண்டு சிலைகள் கிடையாது! ஐந்து வயதுப் பிள்ளைக்கு அரசியல் எல்லாம் வேண்டாம், "நம்ம ஊர் தாத்தா இங்கே இருக்கார், அப்பா ஊர் தாத்தா அங்கே இருக்கார், இவர் ரெண்டு வரியில எழுதுவார், அவர் மூணு வரியில எழுதுவார்" என்று சொன்னால் போதும், சென்னைக்குப் போகும்போது அவரையும் பார்க்கணும் என்று அவளே நச்சரிப்பாள். ஏரிக்குப் பக்கத்திலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது, நூலகம் உண்டு, ஒரு நடை போய்வாருங்கள்.

சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்றால் சிவாஜிநகர் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை, கன்னடப் பூசை இரண்டும் உண்டு. மாற்றி மாற்றிப் போகலாம்.

கன்னடத்துக்கு வேலை இருக்கிற இடங்கள்

பசவனகுடி, மல்லேஸ்வரம், காந்தி பஜார் பக்கம் போனால் நல்ல கன்னடம் காதில் விழும். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு தர்ஷினிக்குள் (நின்றுகொண்டே சாப்பிடும் சின்ன ஓட்டல்) நுழைந்து "அண்ணா, ஒந்து இட்லி வடே கொடி" என்று மகளையே சொல்ல விடுங்கள். 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவன் காந்தி பஜாரில்தான் இருக்கிறது, சர்வர் ஒரு கையில் தோசைத் தட்டுகளை அடுக்கடுக்காகத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கவே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே பசியோடு இருக்கிற இரண்டு வயதுப் பிள்ளையோடு வரிசையில் நிற்பது சரிப்பட்டு வராது, வார நாளில் போங்கள்.

கன்னடப் பஞ்சாங்கத்தின் கார்த்திக மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடி நந்தி கோயில் தெருவில் நடக்கும் கடலெகாய் பரிஷெ, அதாவது கடலைக்காய்த் திருவிழா, எங்களைப் போன்ற குடும்பங்களுக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். கோலார், சிக்கபள்ளாபூர் பக்கத்து விவசாயிகள் கடலை கொண்டுவந்து குவிப்பார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும்கூட வருவார்கள். ஒவ்வொரு குவியலுக்கு முன்னாலும் நின்று "யாவ ஊரு?" என்று பிள்ளை கேட்க வேண்டும், பதிலைப் பொறுத்து மொழியை மாற்ற வேண்டும். எங்கள் மகளுக்கு இது விளையாட்டாகவே ஆகிவிட்டது. காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் கால் வைக்க இடம் இருக்காது, ஸ்ட்ரோலர் கொண்டுபோகவே வேண்டாம், சின்னவனைத் தோளில் அல்லது கேரியரில் கட்டிக்கொள்ளுங்கள்.

லால்பாக், கப்பன் பார்க் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. லால்பாக்கில் கண்ணாடி மாளிகையைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிப்பது அந்தப் பெரிய பாறைதான், சுமார் 300 கோடி வருடப் பழமை. ஏறி இறங்கி ஓட நல்ல இடம். ஜனவரி, ஆகஸ்ட் மலர்க் கண்காட்சி நாட்களில் சின்னப் பிள்ளைகளோடு போகாதீர்கள், பூவைவிட முதுகுகளைத்தான் பார்ப்பார்கள்.

மெட்ரோவில்

மெட்ரோ அறிவிப்பு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். "முந்தின நில்தாண" என்றால் அடுத்த நிலையம், தமிழ்க் காதுக்கோ முந்தைய நிலையம் என்று கேட்கும். மகள் கொஞ்ச நாள் குழம்பினாள், அப்புறம் அவளே எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

நாலு வயதுக்கு மேல் இருக்கிற பிள்ளையோடு மெட்ரோவில் விளையாட ஒரு நல்ல விளையாட்டு உண்டு. தமிழில் ப-வில் தொடங்குகிற வார்த்தையைச் சொல்லி, கன்னடத்தில் அது ஹ ஆகிறதா என்று கேளுங்கள். பால் ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி, பாம்பு ஹாவு, பல் ஹல்லு, பசு ஹசு, பன்றி ஹந்தி, பத்து ஹத்து. பழைய கன்னடத்தில் இவையும் ப-வாகவே இருந்து பிறகு மாறியவை, அதனால் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். எல்லா வார்த்தைக்கும் சரியாக வராது, வராதபோது "இது ஏமாத்திடுச்சு!" என்று சிரிப்பதும் விளையாட்டில் சேர்த்திதான். இரண்டு வயதுப் பிள்ளையிடம் இதைத் தொடங்காதீர்கள், அவனுக்கு இப்போது ஒவ்வொரு மொழியும் தனித்தனியாகக் காதில் விழுந்தாலே போதும்.

பாட்டி ஊருக்கு ரயில்

காரில் போகாதீர்கள் என்றே சொல்வேன், முடிந்தவரை ரயில். 1964இலிருந்து ஓடுகிற பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் மத்தியானம் பெங்களூரிலிருந்து கிளம்பி, சுமார் மூன்றரை மணி நேரத்தில் காட்பாடியில் எங்களை இறக்கிவிடும். உட்கார்ந்து போகிற பகல் வண்டி, ஜன்னல் ஓரம் கிடைத்தால் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் வேண்டாம். இந்தப் பாதையின் அருமை என்னவென்றால் மூன்று மாநிலம் தாண்டுகிறது. பங்காருபேட்டை வரைக்கும் ஸ்டேஷன் பலகையில் கன்னடம் இருக்கும், குப்பத்தில் தெலுங்கு, ஜோலார்பேட்டையில் தமிழ். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிற பிள்ளையிடம் "எழுத்து எப்போ மாறுதுன்னு பாரு" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் வடிவம் தெரியும், கன்னடமும் தெலுங்கும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதையும் தமிழ் வேறு மாதிரி நிற்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பெட்டிக்குள்ளும் பேச்சு மாறிக்கொண்டே வரும். வடை விற்கிறவரிடம் கிளம்பும்போது கன்னடத்தில் கேட்டது ஜோலார்பேட்டை தாண்டியதும் தமிழாகிவிடும். நாங்களும் வீட்டில் அதையே ஒரு வழக்கமாக வைத்திருக்கிறோம்: ஜோலார்பேட்டை வந்துவிட்டால் அப்பாவும் தமிழ்தான். திரும்பி வரும்போது பங்காருபேட்டையிலிருந்து நான் கன்னடம். ரயிலே நேரத்தைச் சொல்லிவிடுவதால் "இப்போ தமிழில் பேசு" என்று யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு மாற்றுத் துணி இரண்டு செட், தயிர்சாதம், ஸ்பூன், ஒரு பழைய துண்டு, இவ்வளவுதான் மூட்டை. வேண்டுமென்றால் இரண்டு மொழியிலும் ஒரே கதை: பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதை தமிழிலும் கன்னடத்திலும் இலவசமாகக் கிடைக்கும், அச்சடித்து எடுத்துக்கொண்டால் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

பாட்டி வீட்டில் இறங்கியதும் ஒரு விஷயம். "அத்தைக்கு ஒரு திருக்குறள் சொல்லு", "மாமாவுக்கு கன்னடத்துல பேசிக் காட்டு" என்று பிள்ளையை நடுவீட்டில் நிறுத்தாதீர்கள். சொந்தக்காரர்கள் ஆசையில்தான் கேட்கிறார்கள், ஆனால் அடுத்த முறை அந்தப் பிள்ளை வாயையே திறக்காது. அதற்குப் பதில் பாட்டியோடு கடைக்கு அனுப்புங்கள், வடகம் காயவைக்க அனுப்புங்கள்.

ஒரே நாளில் இரண்டும்

ஜனவரி நடுவில் காலையில் பொங்கல், சாயங்காலம் எள்ளு பீரோது. காலையில் என்னோடு பானை வைத்து "பொங்கலோ பொங்கல்", சாயங்காலம் அப்பாவோடும் அஜ்ஜியோடும் எள்ளு, வெல்லம், கொப்பரை, வறுத்த கடலை, சர்க்கரை அச்சு எல்லாம் பொட்டலம் கட்டி அக்கம்பக்கம் ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுப்பது. "எள்ளு பெல்ல திந்து ஒள்ளெ மாத்தாடி", அதாவது எள்ளும் வெல்லமும் தின்று நல்லதைப் பேசுங்கள், என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்ல வேண்டும், ஒரே வாக்கியம் பல வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லும்போது கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும் வாய் திறந்துவிடும். நவராத்திரியிலும் அப்படித்தான், வேலூர் பக்கம் கொலு, மைசூர் பக்கம் பொம்பெ. எங்கள் படியில் பட்டத பொம்பெ (ராஜா ராணி) ஜோடியும் செட்டியார் பொம்மையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

ஆங்கிலம் நுழைகிற வாசல்

அது மூத்த பிள்ளை வழியாக வரும். பள்ளியிலிருந்து ஆங்கிலத்தைக் கொண்டுவந்து தம்பியிடம் பேசும், தம்பிக்கு அதுவே விளையாட்டு மொழி ஆகிவிடும். திட்டாதீர்கள். மூத்தவளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள்: தம்பிக்குச் சோறு ஊட்டும்போது தமிழ்க் கதை அவள்தான் சொல்வாள், வெளியே போனால் தண்ணீர் வேண்டுமா என்று கன்னடத்தில் அவள்தான் கேட்பாள். பிள்ளை நம்மிடம் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திருத்தவும் வேண்டாம், நாமும் ஆங்கிலத்துக்குத் தாவவும் வேண்டாம். "I want juice" என்றால், "ஜூஸ் வேணுமா? மாதுளை ஜூஸா, ஆரஞ்சு ஜூஸா?" என்று நம் மொழியிலேயே அடுத்த கேள்வி. தினமும் செய்தால் பலன் தெரியும்.

தமிழ்ப் பாட்டு வீடியோ போட்டுவிட்டால் தமிழ் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து பட்ரிசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நேரில் ஒருவர் சீன மொழியில் விளையாடியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள், அதையே வீடியோவில் காட்டியபோது பிடித்துக்கொள்ளவில்லை. பாட்டியோடு வீடியோ கால் வேறு, அதில் பதில் பேச ஆள் இருக்கிறார்.

க்ரஷ், டாக்டர்

சின்னவனை க்ரஷ்ஷில் விடுகிறீர்கள் என்றால் அவன் சொல்லும் மழலை வார்த்தைகளை ஒரு தாளில் கன்னட எழுத்தில் எழுதி ஆயாவிடம் கொடுங்கள். இங்கா என்றால் பால், மம்மு என்றால் சாப்பாடு, தாச்சி என்றால் தூக்கம், உவ்வா என்றால் எங்கோ வலிக்கிறது. இதில்லாமல் பிள்ளை அழுதுகொண்டு கேட்பதும், அங்கே யாருக்கும் புரியாமல் விழிப்பதும் நடக்கும்.

இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தாமதமாகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னால் நம்பி ஒரு மொழியை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு மொழியிலும் தனியாக எண்ணினால் வார்த்தை குறைவாகத் தெரியலாம், இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். "நங்கெ பால் வேணும்" என்று கலந்து பேசுவதும் இயல்புதான். ஆனால் ஒன்றரை வயது ஆகியும் எந்த மொழியிலும் ஒரு வார்த்தைகூட வரவில்லை, இரண்டு வயது ஆகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் மொழியின் மேல் பழி போட்டுக் காத்திருக்காமல் குழந்தை டாக்டரிடம் போய், முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மைசூரில் பேச்சு, கேட்புக்கென்றே மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, ஐஷ் என்று எல்லோருக்கும் தெரியும், பெங்களூரில் நிம்ஹான்ஸிலும் பேச்சுச் சிகிச்சைப் பிரிவு உண்டு. போகும்போது வீட்டில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதையும், பிள்ளை இதுவரை சொல்லும் வார்த்தைகளை இரண்டு மொழியிலும் சேர்த்தும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு மொழியை விட்டுவிடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், இன்னொரு தெரபிஸ்டையும் பாருங்கள்.